மூன்றாம் சனிக்கிழமையின் பக்கம்

பிள்ளைகளே, நம் வகுப்புக் குழுவில் போட்ட படத்தை நானும் பார்த்தேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளவத்தையில் அந்த மண்டபத்தின் வாசல். தலைக்கு மேலே ‘மருத்துவ விஞ்ஞானத்தின் புதிய முன்னேற்றங்கள்’ என்று நீல மையால் எழுதிய துணி. அதன் கீழே வெள்ளைச் சீருடையில் இரண்டு வரிசையாக நாங்கள். முன்வரிசை நடுவில் விஞ்ஞான ரீச்சர், கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி. பின்வரிசையில் இடமிருந்து நாலாவது நான், பல்லெல்லாம் தெரிய. இப்போது அந்தப் பல்லில் பாதி இல்லை. உங்களுக்கும் அப்படித்தான், மறைக்க வேண்டாம்.

படத்தின் கீழே கிராண்ட்பாஸ்காரி எழுதியிருந்தாள். அவள் தெகிவளைக்குக் குடிபோய் முப்பது வருடமாகிறது, ஆனாலும் நமக்கு அவள் கிராண்ட்பாஸ்காரிதான். “இது மூணாவது சனிக்கிழம எடுத்த படம். ஹார்ட் லெக்சர். அதுதான் எல்லாத்திலயும் நல்லா ஈந்திச்சி. என்ட கொப்பி வெள்ளத்தில போயிட்டு. யார்ட்டயாச்சும் நோட்ஸ் ஈந்தா அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துப் போடுங்க. பேத்திக்குக் காட்டோணும்.”

என்னிடம் இருக்கிறது. அப்படிக் குழுவில் எழுதி மூன்று தடவை அழித்துவிட்டேன். பத்து நாளாகக் கைபேசியைப் பார்க்கவே மனம் வரவில்லை. பக்கத்தை அனுப்பத்தான் போகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய சில சொற்கள் இருக்கின்றன. அவை என் எழுத்து அல்ல. யார் எழுதியது என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்காமல் விடுகிற ஆட்களா நீங்கள்? ஆகவே முதலில் இதைப் படியுங்கள். தயவுசெய்து கீழே சிவப்பு இருதயம் போட்டுவிடாதீர்கள்.

படத்தில் நான் இருக்கிறேன். அந்த உரையில் நான் இருக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்கு இருதய எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை வைத்து அழுத்தி, அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள். என் இருதயம் அறை முழுக்கக் கேட்டது. ஈரச் செருப்போடு யாரோ ஓடி வருவதுபோல் இருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். “பயப்படாதீங்க அன்ரி, உங்கட வால்வெல்லாம் நல்லா இருக்கு” என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து இடம் விட்டுத் தள்ளி இருந்தார்கள்.

என் சின்னம்மாவின் மகளை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நான் வீட்டில் மறந்துவிட்டு வரும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வகுப்பு வாசலில் வந்து நிற்பாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். எனக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவளுக்கும் இல்லை, ஆகவே தங்கச்சி என்றால் எனக்கு அவள்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய். அவளுடைய ரப்பர் செருப்பின் வார் அறுந்து, ஊசி குத்திப் போட்டிருப்பாள். குழாயடி ஈரத்தில் அது சளப் சளப் என்று வரும். கதவைத் திறக்காமலே அவள்தான் என்று தெரிந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் நான் அப்போதே டொக்டர். கணக்கில் முதலாம் பிள்ளை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. கோயிலில் யாராவது கேட்டால், “இவதான் எங்கட டொக்டர்” என்று சின்னம்மா என் தலையைத் தடவுவாள். பதின்மூன்று வயதில் அது எவ்வளவு ருசியான சொல் தெரியுமா? அந்த உரைகளுக்குப் போக ரீச்சர் இருபத்திரண்டு பேரைத் தெரிவு செய்தபோது, என் பெயர் முதலில் வந்ததில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

நாலு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு. டொக்டர்கள் தமிழிலேயே பேசுவார்கள், நாங்கள் கேட்டு எழுதி, திங்கட்கிழமை கொப்பியை ரீச்சரிடம் காட்ட வேண்டும். தங்கச்சிக்கும் வர ஆசை. வயது காணாது என்று விட்டுவிட்டார்கள். ஆகவே நான் திரும்பி வந்ததும் முற்றத்தில் இன்னொரு உரை நடக்கும். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சபையாக இருப்பாள். நான் அகப்பைக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டி விளக்குவேன். மண்டபத்தில் தூங்கியவர்களும் இருமியவர்களும் இருந்தார்கள். என்னுடைய சபை கண் இமைக்காது.

முதலாம் சனிக்கிழமை சிறுநீரகம். ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்கு வைக்கலாம் என்று சொன்னேன். அன்றைக்கு அவள் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். தொண்டை நோவும் காய்ச்சலும். கொத்தமல்லித் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, விழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று நாளில் அது மாறிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொண்டை நோவை யார் பெரிதாக எடுக்கிறார்கள்?

இரண்டாம் சனிக்கிழமை கண். அன்றைக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இமைகளைக் கம்பியால் விரித்து வைத்த கண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். நான் ரீச்சரின் கைப்பைக்குள் காலைச் சாப்பாட்டைச் சத்தி எடுத்தேன். படத்தில் அவர் ஏன் பையை அப்படிப் பிடித்திருக்கிறார் என்று இப்போது புரிகிறதா? பின்னால் இருந்த பெடியன்கள், “டொக்டரம்மாவுக்குத் தண்ணி குடுங்க” என்றார்கள். அதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. செத்தவர் கண்ணை இன்னொருவருக்கு வைப்பதைப் பற்றித் தங்கச்சிக்கு வெகு விமரிசையாக விளக்கினேன்.

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். “செத்தவரின்ட கண்ண வச்சா, அவர் பார்த்ததெல்லாம் புது ஆளுக்குத் தெரியுமா அக்கா?”

“விசர்க் கேள்வி கேக்காத.”

“அப்ப அவர் கடைசியாப் பார்த்தது எங்க போகும்?”

எனக்குத் தெரியவில்லை. டொக்டர்கள் அதைச் சொல்லவில்லை என்றேன்.

மூன்றாம் சனிக்கிழமை இருதயம் என்றும், உயிரோடிருக்கும் ஆளின் நெஞ்சைத் திறப்பதைப் படமாகவே போட்டுக் காட்டுவார்கள் என்றும் ரீச்சர் பஸ்ஸில் சொன்னார். இன்னொரு தடவை சத்தி எடுத்தால் நான் டொக்டர் இல்லை. கோயிலில், குழாயடியில், எல்லா இடத்திலும் இல்லை. வாசலில் நின்று படம் எடுத்தோம், பல்லெல்லாம் காட்டினேன். எல்லோரும் உள்ளே போகும்போது கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கேற்றால் வெளியே போய்விட்டேன்.

ஒழுங்கையின் முடிவில் கடல். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்தில்தான், ஆனால் அது துறைமுகத்துக்குச் சொந்தம். மதிலுக்கு அப்பால் கப்பல் ஊதும் சத்தமாக மட்டுமே நமக்குக் கிடைக்கும். வெள்ளவத்தையிலோ தண்டவாளத்தைத் தாண்டினால் காலில் படுகிறது. சப்பாத்தைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு நின்றேன். அன்னாசி விற்கிறவர், “மிரிஸ் தான்னத, நங்கி?” என்று சிங்களத்தில் மிளகாய் போடவா எனக் கேட்டு, நான் தலையாட்டியதும் மிளகாய்த் தூளும் உப்பும் தூவித் தந்தார். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் என் முதுகுக்குப் பின்னால் தடதடத்துப் போனது. ஜன்னலில் இருந்த ஒரு குழந்தை கை காட்டியது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், என் சிறுவயதில் அதைவிட நல்ல ஒரு மணித்தியாலம் எனக்கு இல்லை.

திரும்பி வந்து, கூட்டம் வெளியே வரும்போது கலந்துவிட்டேன். கிராண்ட்பாஸ்காரி மட்டும் பிடித்துவிட்டாள்.

“எங்க புள்ள போன நீ? ஒன்ட சீட்ல பேக்க வச்சிக் காத்து களச்சிட்டன்.”

“வயித்துக்குச் சரியில்ல. வெளிய இருந்தன்.”

“பயந்திட்ட.” பஸ்ஸில் தன் கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். “நாளக்கிப் பாத்து எழுதிக்கோ. ஒரு சொல்லும் உடாம எழுதியிருக்கன்.”

உண்மைதான். அவள் ஒரு சொல்லையும் விடமாட்டாள். டொக்டர் என்ன செய்தாலும் எழுதுவாள். நடுவில் ‘(டொக்டர் தண்ணீர் குடித்தார்)’ என்றுகூட எழுதியிருந்தாள்.

அன்று பின்னேரம் வாளி கவிழ்ந்து தயாராக இருந்தது. கிராண்ட்பாஸ்காரியின் கொப்பியை நான் இன்னும் திறந்திருக்கவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இருதயம் கைமுட்டி அளவு என்றேன், அது பாடப்புத்தகத்தில் இருந்தது. பிறகு நானாகவே தொடங்கினேன். இருதயம் பழுதாவது கிழவர்களுக்குத்தான் என்றேன். சின்னப் பிள்ளைகளின் இருதயம் புதுக் கார் மாதிரி, நாற்பது வயதுவரை அதற்கு ஒன்றும் வராது, அப்படித்தான் பெரிய டொக்டர் சொன்னார் என்றேன். அவள் நெஞ்சில் கையை வைத்து, கொஞ்ச நேரம் கேட்பதுபோல் இருந்தாள்.

“நல்லதுதானே அக்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நாலரைப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். தலைப்புகளுக்குச் சிவப்புக் கோடு போட்டேன். தண்ணீர் குடித்ததையும் சேர்த்தே எழுதினேன் என்றால் எவ்வளவு கவனமாகப் படித்திருப்பேன் என்று பாருங்கள். கை எழுதியது, நான் வெள்ளவத்தைக் கடலில் நின்றேன். திங்கட்கிழமை ரீச்சர் ‘மிக நன்று’ என்று போட்டார். ஒரே தண்ணீரை இரண்டு கொப்பியில் டொக்டர் குடித்திருப்பதை அவரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே தங்கச்சிக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. தொட்டால் சூடாக இருந்தது, வீங்கியும் இருந்தது. இரண்டு நாளில் அது முழங்காலை விட்டுக் கணுக்காலுக்குப் போனது. பிறகு ஒரு முழங்கைக்கு. “நோ ஓடித் திரியுது” என்றாள் சின்னம்மா. சந்தியில் இருந்த டிஸ்பென்சரி டொக்டர் குளிசை கொடுத்து, குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சின்னப்பா துறைமுகத்தில் வேலை, கப்பல் வந்தால் வீட்டுக்கு வரமாட்டார். சின்னம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். தங்கச்சிக்கு முன்னால் பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய், வெறுங்கையோடு திரும்பி வந்தவள் அவள்.

குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவ வந்தேன். என்னிடம் கேட்டாள். டொக்டரிடம் கேட்பதுபோல், எழும்பி நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மகள், நீ சனிக்கிழமை சனிக்கிழமை டொக்டர்மாரின்ட பேச்சுக் கேக்கிறாய். இப்பிடிக் கால் நோவப் பத்தி ஏதும் சொன்னவையா?”

“இல்லச் சின்னம்மா. போன கிழமை இருதயத்தப் பத்தித்தான் கதைச்சவை. காலப் பத்தி ஒண்டும் சொல்லேல்ல.”

“அப்ப பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமோ?”

“தேவையில்ல. இது வளருற நோ. உயரமாகிற பிள்ளையளுக்கு வாறது.”

வளருகிற நோ என்பதை எங்கே பிடித்தேன் என்றும் எனக்குத் தெரியாது. விளையாட்டு ரீச்சர் யாருக்கோ சொன்னதாக இருக்கலாம். சின்னம்மாவின் முகம் அப்படியே இளகியது. “நீயாவது வீட்டில இருக்கிறியே” என்றாள். ஒரு வளர்ந்த மனுஷி, பிள்ளைக்கு என்ன நோய் என்று பதின்மூன்று வயதுக்காரியிடம் கேட்டாள் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்குத் தெரிந்தவர்களில் டொக்டர்களுக்கு முன்னால் போய் இருந்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

நேர்த்தி வைப்பது என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனோம், அந்தோனியாரிடம். தங்கச்சியைச் சின்னம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பதினொரு வயதுப் பிள்ளையை. கோயிலுக்கு வெளியே மெழுகுதிரி விற்கிற பெண்ணிடம், தட்டில் வெள்ளித் தகடுகள் இருந்தன. உங்களுக்குத் தெரியும், உடம்பில் எது நோகிறதோ அதன் உருவத்தை வாங்கிக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைப்போமே, அவை. கண், காது, கை, கால், கைக்குழந்தை.

“எது வேணும் நோனா?”

“கால்” என்றாள் சின்னம்மா. பிறகு யோசித்தாள். “முழங்கையும் நோகுது. ஆனா கால்லதான் துவங்கினது. கால் காணும்.”

நான் தட்டைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கால்களுக்கு அடியில் ஒரு இருதயம் கிடந்தது, நடுவில் சின்னச் சுவாலையோடு. எல்லாவற்றிலும் வடிவானது அதுதான். எடுத்துப் பார்த்தேன்.

“அத வை மகள். அது எங்களுக்கு வேண்டாம்.”

வைத்துவிட்டேன். இந்த இடத்தில் நான் எத்தனை தடவை நின்றிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் தகட்டின் விளிம்பு விரலில் பட்டது இன்றைக்கும் இருக்கிறது.

நோ போய்விட்டது. மூன்று கிழமையில் வீக்கம் வற்றி, முழங்கால் பழையபடி ஒல்லியாகி, அவள் குழாயடியில் சளப் சளப் என்று ஓடத் தொடங்கிவிட்டாள். நன்றி சொல்ல நாங்கள் கொச்சிக்கடைக்குத் திரும்பப் போனபோது வெறுங்காலோடு முன்னால் ஓடினாள். சின்னம்மா தெருவிலேயே அழுதாள். நான் சொன்னதும் சரி, அந்தோனியார் செய்ததும் சரி. எங்கள் இருவருக்கும் வீட்டில் சம மரியாதை.

அடுத்த வருடம் எனக்கு டொக்டர் ஆசை விட்டுப்போனது. இரத்தம் எனக்குச் சரிவராது என்று ஒருவாறு ஒத்துக்கொண்டு வர்த்தகப் பாடத்துக்கு மாறினேன். தங்கச்சி வந்து, “உங்களுக்கு வேண்டாமெண்டா அந்தக் கொப்பிய எனக்குத் தாங்க அக்கா” என்றாள். கொடுத்தேன். இனி அவள்தான் டொக்டர் என்று வீட்டில் சொன்னார்கள். அவள் அதை உறை போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வரும்போது ஏற்றத்தில் பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். மதிலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். கொஞ்ச நாளாக அப்படித்தான், பெரிய பிள்ளையானதும் சோம்பல் பிடித்துவிட்டது என்று சின்னம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டா? மூண்டாம் சனிக்கிழமை டொக்டர் மூட்டு நோவப் பத்திக் கதைச்சவரா?”

“இல்ல.”

“கொப்பியில இருக்கே. மூட்டு மூட்டா ஓடுற நோ எண்டு. எனக்கு வந்த மாதிரி.”

கொப்பியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால், நான் உள்ளே போகவில்லை, அவளுக்கு வாளியின்மேல் சொன்னதெல்லாம் புளுகு என்று ஆகிவிடும்.

“அது வேற நோய்” என்றேன். “வெள்ளக்காரருக்கு வாறது. எல்லாத்தையும் தனக்கெண்டு நினைக்காத.”

“டொக்டர் தண்ணி குடிச்சவர் எண்டும் எழுதியிருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள்.

பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. அவளை விட்டுவிட்டு விறுவிறு என்று நடந்தேன். பின்னால் அந்தச் செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று நின்று வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி காய்ச்சல். கால்கள் வீங்கின, இந்த முறை நோ இல்லாத வீக்கம். படுத்தால் மூச்சு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு தலையணை அடுக்கி, அதன்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் அவள் நெஞ்சை நெடுநேரம் கேட்டுவிட்டு, முன்பு எப்போதாவது தொண்டை நோ வந்து, பிறகு மூட்டுகள் வீங்கியதா என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

“வந்தது டொக்டர்” என்றாள் சின்னம்மா பெருமையோடு. “அந்தோனியார் சுகமாக்கிப் போட்டார்.”

அவர் காதிலிருந்த குழாயைக் கழற்றினார். பிறகு ருமாட்டிக் காய்ச்சல் என்றார், வால்வு பழுதாகிவிட்டது என்றார். கட்டில் காலடியில் நின்ற எனக்கு அந்தச் சொல் தெரிந்தது. எங்கே கேட்டேன் என்று யோசித்தேன். கேட்கவில்லை, எழுதினேன். சிவப்புக் கோடு போட்டு எழுதினேன். நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் கட்டில் ஆடியது. தங்கச்சி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“அக்கா, சின்னப் பிள்ளையளின்ட இருதயம் பழுதாகாது எண்டு நீங்க சொன்னீங்கதானே. நான் டொக்டரிட்டயும் சொன்னன். அவர் சிரிச்சவர்.”

“ஓம்” என்றேன்.

சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்தார்கள். முறை வருவதற்கு முன்பே போய்விட்டாள். பதின்மூன்று வயது.

நீங்கள் எல்லோரும் சீருடையோடு வந்து நின்றீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிராண்ட்பாஸ்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதை இப்போது சொல்கிறேன்: உன் பிழை ஒன்றும் இல்லை. நீ ஒரு சொல்லையும் விடாமல் எழுதினாய்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு சின்னம்மா கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். “உன்ட கொப்பி மகள். பத்திரமா வச்சிருந்தவள்.” அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிள்ளையின் கையெழுத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. நான் திறந்தேன்.

அதன் பிறகு சின்னம்மா ஒரே ஒரு வசனத்தைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் காலத்தான் கேட்டன் மகள். அவர் காலத்தான் தந்தவர். முழுப் பிள்ளையையும் கேட்டிருக்க வேணும்.” கல்யாண வீட்டில் சொன்னாள். கறி நறுக்கும்போது சொன்னாள். தான் சரியாகக் கேட்கத் தெரியாத தாய் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் முதலில் கேட்டது அந்தோனியாரிடம் அல்ல, குழாயடியில் என்னிடம். அதை அவள் மறந்துவிட்டாள், அல்லது மறந்ததுபோல் இருந்தாள். நான் ஞாபகப்படுத்தவில்லை. இதற்காகத்தான் என்னை நான் மன்னிக்கவில்லை. பதின்மூன்று வயதில் சொன்ன பொய்யையாவது ஒரு பிள்ளை சொன்னது என்று விடலாம். நாற்பது வருடத்துக்கு மேல் அவள் தலையில் அந்தப் பாரம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளை அல்ல.

கடைசியில் என்னோடுதான் இருந்தாள், வெள்ளவத்தையில், என் வீட்டில். ஜன்னலைத் திறந்தால் நான் அன்று நின்ற கடலின் சத்தம் வரும். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு காலை, கஞ்சி பருக்கும்போது மறுபடி அதையே சொன்னாள்.

“அது உங்கட பிழையில்ல, சின்னம்மா.”

“பின்ன ஆரின்ட பிழை?”

என் கையில் கரண்டி இருந்தது. அவள் கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

“ஆரின்டயும் இல்ல” என்றேன். வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாளில் அவளும் போய்விட்டாள். கடைசியாக அவள் பார்த்தது என்னைத்தான்.

இனிச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எவ்வளவு நல்ல நாட்கள் என்று நீங்கள் எழுதுவதை என்னால் படிக்க முடியவில்லை.

இதோ பக்கம். நீல மை என்னுடையது, சிவப்புக் கோடும் என்னுடையது. கிராண்ட்பாஸ்காரியின் சொற்கள்: ‘தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமையில் மூட்டு மூட்டாக ஓடும் நோ வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு தானாகவே சுகமாகும். சுகமாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. இருதயத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு ஊசி போட்டால் இருதயம் மேலும் பழுதாகாமல் காக்கலாம். (டொக்டர் தண்ணீர் குடித்தார்)’.

இந்த வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. ஓரத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில்: ‘அக்காவிடம் கேட்க வேண்டும்.’

அதன் கீழே, இன்னொரு நாள், கூர் சீவிய பென்சிலால்: ‘கேட்டேன். இது வேறு நோயாம். பயம் இல்லை.’